கப்பல் மாலை ஐந்துக்கு, செக்-இன் மூன்றரைக்கு மூடும்

சொகுசுக் கப்பலில் போய் வந்தோம் என்றதும் அறை எப்படி இருந்தது, சாப்பாடு எப்படி இருந்தது என்றுதான் கேட்கிறார்கள். ஏறிய பிறகு நாம் யோசிக்க வேண்டியது ஒன்றுமில்லை. ஏறுவதற்கு முன்னால்தான் வேலை அத்தனையும். கும்பகோணத்திலிருந்து கிளம்பி, சிங்கப்பூரின் மரீனா பே கப்பல் முனையத்தில் குறித்த நேரத்தில் போய் நின்ற கதையை மட்டும் சொல்கிறேன்.

நாள் குறிப்பதே பெரும்பாடு. வீட்டில் நிலம் இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணமும் கைக்கு வந்திருக்க வேண்டும். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்குவதற்குள் திரும்பியும் ஆக வேண்டும். பிள்ளைகளுக்குப் பரீட்சை வேறு. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது சித்திரை மாதம். தங்கையின் கணவர் புனேயில் வேலை பார்க்கிறார். கார்த்திகையில் போனால் டிக்கெட் மலிவு என்று அவர் சொல்லிப் பார்த்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையில் தண்ணீர் நின்றதையும், அடுத்த ஆண்டே நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்காக அதே நிலையத்தை மூடியதையும் நினைவுபடுத்தினேன். பேச்சு அதோடு நின்றது.

கப்பல் சீட்டில் பெரிய எழுத்தில் இருந்தது புறப்படும் நேரம், மாலை ஐந்து. சின்ன எழுத்தில் இருந்தது செக்-இன் மூடும் நேரம், மூன்றரை. திட்டமிட வேண்டியது சின்ன எழுத்தை வைத்துத்தான். மூன்றரைக்கு மேல் போனால், கப்பல் கண்ணெதிரே நின்றாலும் உள்ளே விடமாட்டார்கள். விமானத்தைத் தவறவிட்டால் காசைக் கொட்டி அடுத்ததைப் பிடிக்கலாம். கப்பலைத் தவறவிட்டால் அது அடுத்து நிற்கும் ஊர் வேறு நாட்டில், எங்களுக்கு மலேசியாவில். அங்கே ஓடிப்போய் ஏறலாம் என்றாலும் கப்பல் நிறுவனம் சம்மதிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் முதல் நாள் மாப்பிள்ளை அழைப்புக்கே போய் இறங்கிவிடுவதைப் போல, முதல் நாளே சிங்கப்பூர் போய்த் தங்கிவிடுவது என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானமே இருக்கிறது. நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பாதிக்குப் பாதி அங்கே வேலைக்குப் போகிறவர்கள்தான் வருவார்கள். சில நாட்களில் சென்னையிலிருந்து கட்டணம் குறைவாகக் காட்டும். ஆனால் வயதான மாமனாரையும் பிள்ளைகளையும் பெட்டிகளையும் ரயிலேற்றிச் சென்னைக்குக் கொண்டுபோய், அங்கே அரை நாள் உட்கார வைத்து, அதற்கப்புறம் விமானம் என்றால் மிச்சமாகும் பணம் வழியிலேயே கரைந்துவிடும். திருச்சி என்றால் வீட்டு வாசலில் வேன் ஏறி விமான நிலைய வாசலில் இறங்கலாம்.

புனேக் குடும்பத்தின் கதை வேறு. மாப்பிள்ளை புனேயிலிருந்து சென்னைக்கு ஒரு நிறுவனத்திலும், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு இன்னொரு நிறுவனத்திலும் தனித்தனியாக டிக்கெட் பார்த்து வைத்திருந்தார். சென்னையில் இறங்குவது இரவு 8.40, சிங்கப்பூர் விமானம் 11.30. கப்பல் கிளம்புகிற அன்று காலையில்தான் சிங்கப்பூர் போய்ச் சேரும்.

“மச்சான், காலை ஆறேகாலுக்கே இறங்கிவிடுகிறோம். அப்புறம் ஒன்பது மணி நேரம் இருக்கிறது. போதாதா?” என்றார்.

சிங்கப்பூரில் ஒன்பது மணி நேரம் இருக்கலாம். சென்னையில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. பார்ப்பதற்கு 2 மணி 50 நிமிடம். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் பெட்டி தானாகச் சிங்கப்பூர் போகாது. உள்நாட்டு முனையத்தில் பெட்டிக்காகக் காத்திருந்து, எடுத்துக்கொண்டு, பன்னாட்டு முனையத்துக்கு நடந்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அந்தக் கவுன்டரை விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிடுவார்கள். அதாவது 10.30. பெட்டி கைக்கு வர அரை மணி என்று வைத்தால், மிச்சம் ஒரு மணி இருபது நிமிடம்தான். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் கவலைப்படாது. அவர்கள் கணக்கில் பயணி வரவில்லை, அவ்வளவுதான். இரண்டும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பாகும். அதுகூடக் கப்பலை நிறுத்தி வைக்காது.

எல்லாவற்றையும் ஒரு நாள் முன்னுக்குத் தள்ளுங்கள் என்றேன். ஓர் இரவு விடுதி வாடகை கூடுதலாகுமே என்று அவர் தயங்கினார். “அண்ணன் சொல்கிறபடியே போடுங்கள்” என்று தங்கை முடித்துவைத்தாள்.

அதன் பிறகு பெயர்ச் சிக்கல். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரே பெயர், முன்னால் ஓர் இனிஷியல். மாமனாரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. விமான நிறுவனத்தின் படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது. ஒரு நிறுவனம் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்கிறது. இன்னொன்று வேறு மாதிரி கேட்கிறது. பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட், கப்பல் சீட்டு நான்கிலும் பெயர் பொருந்தி வராவிட்டால் கவுன்டரில் நிற்க வைத்துவிடுவார்கள். இடைவெளி குறைவான பயணத்தில் அந்தப் பத்து நிமிடம்கூடப் பெரிது. இரண்டு நிறுவனங்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பி, பதிலை அச்சடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டேன். திருச்சிக் கவுன்டரில் இருந்த பெண் அதைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத்தான் போர்டிங் பாஸ் கொடுத்தார்.

விசாவை அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் எடுத்தோம். கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய் மறுபடி அங்கேயே வருவதால், நாம் இரண்டு முறை நாட்டுக்குள் நுழைகிறோம்; பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் நிரப்பும் சிங்கப்பூர் வருகை அட்டையும் அப்படித்தான். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது, கப்பலில் திரும்பும்போது புதிதாக இன்னொன்று. காசு கேட்கும் போலித் தளங்கள் உண்டு, ஜாக்கிரதை.

கிளம்புகிற அன்று மாமனாரின் வெற்றிலைப் பெட்டிதான் கடைசி விவாதம். கும்பகோணம் கொழுந்து வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு டப்பா, அடியில் காகிதத்தில் மடித்த புகையிலை. மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் தடை. அதைச் சொன்னதும் பொட்டலத்தை எடுத்துத் தூணோரம் வைத்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டுப் பெட்டியையே வைத்துவிட்டார். “புகையிலை இல்லாமல் வெற்றிலை எதற்கு?” வேன் தஞ்சாவூர் தாண்டும்வரை யாரோடும் பேசவில்லை.

நாங்கள் சிங்கப்பூரில் இறங்கியபோது தங்கை விடுதியில் இருந்திருக்க வேண்டும். கைப்பேசியைப் போட்டதும் வந்த செய்தி வேறு. புனே விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம். சென்னையில் இறங்கும்போதே மணி 10.45. கவுன்டர் மூடியாகிவிட்டது. டிக்கெட் பணம் போனது போனதுதான். இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஒன்பது மணி விமானத்தில் புது டிக்கெட் எடுத்துக் கிளம்பியிருக்கிறார்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் என்பதால், அவர்கள் இறங்கும்போது அங்கே 3.45. முதலில் போட்ட திட்டப்படி வந்திருந்தால் அது கப்பல் கிளம்பும் நாளின் 3.45. மாப்பிள்ளை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அவரே பணம் கொடுத்தார்.

மறுநாள் ரயிலிலேயே போய்விட்டோம். மரீனா சவுத் பியர் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் கப்பல் முனையம். பகல் பன்னிரண்டுக்கெல்லாம் வரிசையில் நின்று, ஒரு மணிக்குக் கப்பலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

திரும்பும் நாளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கப்பல் அதிகாலையிலேயே கரைக்கு வந்துவிடும். நாம் வெளியே வர நேரமாகும். முந்தின இரவு பெட்டிகளில் அடையாள அட்டை கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். பிறகு நம் அட்டையின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் இமிகிரேஷன், அதற்கப்புறம் பெட்டி தேடல். காலைப் பத்து மணி விமானம் பிடிக்க வேண்டியவர்கள் பெட்டியைத் தாங்களே உருட்டிக்கொண்டு, லிஃப்ட் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். நாங்கள் இரவு விமானம்தான் போட்டிருந்தோம். பகல் முழுக்க சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வளாகத்தில், அந்த 40 மீட்டர் அருவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம்.

திருச்சிக்கு வேன்காரரை விமானம் இறங்குகிற நேரத்துக்கு வரச் சொல்லாமல், ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லியிருந்தேன். இமிகிரேஷன், சுங்கம், பெட்டி எல்லாம் முடிய அவ்வளவு ஆகும் என்று நினைத்தேன். ஒன்றேகால் மணி ஆயிற்று.