டிகிரி முடித்தாயிற்று, அந்தச் சான்றிதழ் தயாரா? வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு என் அனுபவம்

"அக்கா, நான் பி.காம். முடிச்சிருக்கேன். தாய்லாந்துக்கு இங்கிலீஷ் டீச்சரா போக முடியுமா, இல்ல பி.ஏ. இங்கிலீஷ்தான் வேணுமா?"

பெரம்பூரில் நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கும் இடத்தில் மாதத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்கிறார்கள். போகலாம். நானே பி.எஸ்சி. கணிதம்தான். அந்தப் பட்டத்தை வைத்துத்தான் தாய்லாந்தில் கோன் கேன் நகரத்துப் பள்ளி ஒன்றில் இரண்டு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஆசிய நாடுகள் பலவற்றில் விசாவுக்கு ஓர் இளங்கலைப் பட்டம் வேண்டும், அவ்வளவுதான். அது எந்தப் பாடம் என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை.

என்னை நாலு மாதம் அலைய வைத்தவை வேறு விஷயங்கள். அவற்றை யாரும் கேட்பதில்லை, எனக்கும் அப்போது யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டிகிரியை எடுத்துப் பார்ப்பதற்கு முன்னால் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர்களுக்குத் தருவது இ-2 விசா. இளங்கலைப் பட்டம் இருந்தாலும் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற 7 நாட்டுக் குடிமக்களுக்குத்தான் அது பொதுவாகத் திறந்திருக்கிறது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியா-கொரியா பொருளாதார ஒப்பந்தம் நமக்கும் ஒரு சின்ன வாசல் வைத்திருக்கிறது. அதன்படி அங்குள்ள பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகப் போகலாம், அதற்குப் பட்டத்தோடு ஆசிரியர் தகுதியும் காட்ட வேண்டும். ஹாக்வான் என்று சொல்லும் தனியார் டியூஷன் மையங்களுக்கு இந்த வழியில் போக முடியாது. சீனாவில் மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைக் கற்பிப்பவராக இருக்க வேண்டும், பட்டம் பெற்றிருக்க வேண்டும், 2 வருட அனுபவம் வேண்டும் என்பது பொது விதி. இந்திய பாஸ்போர்ட்டோடு அதில் நுழைவது கஷ்டம்.

ஜப்பான் கொஞ்சம் வித்தியாசம். அங்கே நாட்டுப் பட்டியல் கிடையாது. பள்ளிகளில் துணை ஆசிரியராகப் போகும் விசாவுக்குப் பட்டம் வேண்டும், அதோடு கற்பிக்கப்போகும் மொழியிலேயே 12 வருடம் படித்திருக்க வேண்டும். எல்.கே.ஜி.யிலிருந்து மெட்ரிக் பள்ளியில் ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு இது பெரிய சாதகம். பள்ளியிலும் கல்லூரியிலும் ஆங்கில வழியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது, அதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. தனியார் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நிறுவனங்களுக்கு வேறு விசா உண்டு. அதில் மொழி கற்பிக்கும் வேலைக்கு 3 வருட அனுபவம் கேட்கிறார்கள், பட்டதாரி என்றால் அந்த அனுபவம் தேவையில்லை.

இதையெல்லாம் பார்க்காமல் என் தோழி ஒருத்தி கொரியாவை மனதில் வைத்துக்கொண்டு டெஃபல் என்ற 120 மணி நேர ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி கோர்ஸுக்குப் பணம் கட்டினாள். சான்றிதழ் வந்த பிறகுதான் அந்த 7 நாட்டுப் பட்டியலைப் பார்த்தாள். டெஃபல் நல்ல பயிற்சிதான், வகுப்பறையில் எனக்கு நிஜமாகவே கைகொடுத்தது. ஆனால் அது பட்டத்துக்குப் பதிலாக நிற்காது. வியட்நாமில் ஒர்க் பெர்மிட்டுக்குப் பட்டம், கற்பித்தல் சான்றிதழ் இரண்டும் கேட்கிறார்கள். தாய்லாந்தில் பட்டம்தான் அடிப்படை. கல்வியியல் படிக்காதவர்களுக்கு அங்குள்ள ஆசிரியர் கவுன்சில் தற்காலிக அனுமதி கொடுக்கிறது, அதற்குப் பள்ளியே விண்ணப்பிக்கும். ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பதால் என் பள்ளி டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண் கேட்டது. (வளைகுடா நாடுகளில் உள்ள சிபிஎஸ்இ பள்ளிகள் தனிக் கதை. அங்கே பி.எட். இல்லாமல் நேர்காணலுக்கே கூப்பிடுவது அபூர்வம்.)

சரி, என் கதைக்கு வருகிறேன்.

பட்டமளிப்பு விழா அன்றைக்குச் சாயங்காலமே அப்பா என் டிகிரி சான்றிதழை புரசைவாக்கத்துக்கு எடுத்துப்போய் லேமினேட் செய்துகொண்டு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும் தெருவில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று தெரியும். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் அம்மா அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

நாலு வருடம் கழித்து அதை அட்டெஸ்டேஷனுக்கு, அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அரசு முத்திரை வாங்க, கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்த பெரியவர் சான்றிதழைக் கையில் வாங்கினார், திருப்பினார், கட்டைவிரலால் பின்பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"என்னம்மா, லேமினேட் பண்ணி வச்சிருக்கீங்க? பின்னாடிதானே சீல் போடணும். இங்க்கு எங்க நிக்கும்?"

அட்டெஸ்டேஷன் முத்திரையும் ஸ்டிக்கரும் அசல் சான்றிதழின் பின்பக்கத்தில்தான் விழும். அதனால் வெளியுறவு அமைச்சகத்துக்குப் போகும் ஆவணத்தில் லேமினேஷன் இருக்கக் கூடாது. பிரித்துக் கொடுக்கிறோம் என்று சொன்ன ஒரு கடையில் கொடுத்தேன். ஹேர் டிரையர் மாதிரி ஒரு சாதனத்தால் சூடு காட்டி, ஓரத்திலிருந்து மெல்ல உரித்தார்கள். பாதி வரைக்கும் நன்றாக வந்தது. அப்புறம் பல்கலைக்கழக முத்திரை இருந்த இடத்தில் காகிதத்தின் மேல்தோல் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

பழுதான சான்றிதழை ஒப்படைத்து, நகல் பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அது கைக்கு வர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் முதலில் என்னைத் தேர்வு செய்த பள்ளி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. உங்கள் வீட்டிலும் சான்றிதழ் லேமினேட் ஆகியிருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பிரிக்க வேண்டியிருந்தால் முதலில் பழைய மார்க்ஷீட் நகல் ஏதாவது ஒன்றை அந்தக் கடையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். இன்னும் பட்டம் வாங்காதவர்கள் வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போதும்.

இன்னொன்று. கல்லூரியில் முதலில் கொடுக்கும் புரொவிஷனல் சான்றிதழ் உள்ளூர் வேலைக்கு ஓடும், விசாவுக்குப் போதாது. கான்வகேஷனுக்குப் போகாதவர்கள் பணம் கட்டிப் பட்டச் சான்றிதழை வாங்காமலே வருடக் கணக்காக விட்டுவிடுகிறார்கள். அரியர் வைத்து முடித்தவர்கள் எல்லா செமஸ்டர் மார்க்ஷீட்டும் கையில் இருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது இனிஷியல். இது நம் ஊருக்கே உரிய தலைவலி. என் பத்தாம் வகுப்பு மார்க்ஷீட்டிலும் டிகிரியிலும் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும் என்பதால் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப்பெயராக ஏறிவிட்டது. நமக்கு இரண்டும் ஒரே ஆள் என்று பார்த்ததும் புரிகிறது. தாய்லாந்து அதிகாரிக்கு எப்படிப் புரியும்? அவர் பார்வையில் டிகிரி வாங்கியவர் ஒருவர், விசா கேட்பவர் இன்னொருவர். பள்ளியிலிருந்து வந்த மின்னஞ்சலில், "பாஸ்போர்ட்டில் இருக்கும் இந்த இரண்டாவது பெயர் யாருடையது?" என்று மரியாதையாகவே கேட்டிருந்தார்கள்.

பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த ஒரு நோட்டரியிடம் போய், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஸ்டாம்ப் பேப்பரில் பிரமாணப் பத்திரம் வாங்கினேன். தட்டச்சு செய்த அண்ணன், "டிகிரில எப்படி இருக்கோ அப்படியே சொல்லும்மா, புள்ளி, ஸ்பேஸ் எல்லாம்" என்று ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு அடித்தார். அந்த அக்கறைக்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பத்திரமே போதுமானதாக இருந்தது. எழுத்துக்கூட்டலே வேறாக இருந்தாலோ, கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றியிருந்தாலோ பிரமாணப் பத்திரம் போதாமல் போகலாம். அப்போது அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும். அதற்கான எழுதுபொருள் அச்சுத்துறை அலுவலகம் அண்ணா சாலையில் இருக்கிறது. இன்னும் பாஸ்போர்ட் எடுக்காதவர்கள் விண்ணப்பம் நிரப்பும்போது டிகிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

பெயரும் காகிதமும் சரியாக இருந்தால் அட்டெஸ்டேஷன் பெரிய பாரமில்லை, வரிசை மாறாமல் போனால் போதும். பல்கலைக்கழகத்திலிருந்து உண்மைத்தன்மைச் சான்று, அடுத்து மாநில அரசின் உயர்கல்வித் துறை, அதற்கப்புறம் வெளியுறவு அமைச்சகம். முன்பெல்லாம் டெல்லிக்கு அனுப்ப வேண்டியிருந்ததை இப்போது சென்னையிலேயே முடிக்கலாம். அமைச்சகம் நேரடியாக வாங்காது, அது நியமித்த ஏஜென்சிகள் மூலமாகத்தான் கொடுக்க வேண்டும். போகும் நாடு அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் (ஒரு நாட்டின் சான்றொப்பத்தை மற்ற உறுப்பு நாடுகள் அப்படியே ஏற்கும் உடன்பாடு) இருந்தால் அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஸ்டிக்கரோடு வேலை முடிந்தது. இந்தியா அதில் 2005 முதல் இருக்கிறது. ஜப்பான், கொரியா இரண்டும் இருக்கின்றன. நான் போனபோது தாய்லாந்து அதில் இல்லை, அதனால் அமைச்சக முத்திரைக்குப் பிறகு தாய்லாந்து தூதரகத்திலும் சான்றொப்பம் வாங்கினேன். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய்தான், ஏஜென்சியின் சேவைக் கட்டணம் தனி. எல்லாம் சேர்த்துப் பல ஆயிரம் கேட்கும் இடைத்தரகர்களிடம் ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

தொலைநிலைக் கல்வியில் படித்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் சேர்ந்த வருடத்தில் அந்தப் படிப்புக்கு யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் அங்கீகாரம் இருந்ததா என்று முதலில் பாருங்கள். அது இருந்தாலும் எல்லா நாடும் ஏற்காது. பணம் கட்டுவதற்கு முன்பே பள்ளிக்கு மார்க்ஷீட்டை அனுப்பி, "இது தொலைநிலைப் பட்டம், விசாவுக்குச் செல்லுமா?" என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். மறைத்துவிட்டுப் போனால் உண்மைத்தன்மைச் சரிபார்ப்பில் வெளியே வந்துவிடும்.

விசாவுக்குக் கேட்கும் போலீஸ் கிளியரன்ஸை (குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று) பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். நான் சாலிகிராமம் மையத்துக்குப் போனேன். இதை மட்டும் சீக்கிரம் எடுத்து வைக்காதீர்கள். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் எடுத்ததைத்தான் கேட்பார்கள், டிகிரி அட்டெஸ்டேஷன் முடியும் தறுவாயில் எடுத்தால் சரியாக இருக்கும்.

கடைசியாக ஒன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். "டிகிரியே வேண்டாம், டூரிஸ்ட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்று ஓர் ஏஜென்ட் என்னிடமும் சொன்னார். சுற்றுலா விசாவில் வகுப்பெடுப்பது அங்கே சட்டப்படி குற்றம், பிடிபட்டால் நாடுகடத்தப்படுவது நீங்கள்தான், ஏஜென்ட் இல்லை. தாய்லாந்தில் வேலை என்று அழைத்துப்போய் எல்லை தாண்டி மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் இளைஞர்களை மாட்டிவிட்டதைப் பற்றி 2022-ல் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. அப்படிச் சிக்கியவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஏஜென்ட் உரிமம் உள்ளவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். சென்னையில் இருப்பவர்கள் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துக்கு நேரில் போயும் விசாரிக்கலாம்.

தாய்லாந்தில் முதல் பருவம் மே மாத நடுவில் தொடங்கும், இரண்டாவது நவம்பரில். மே மாதத்துக்குப் போக நினைப்பவர்கள் தீபாவளி முடிந்ததும் டிகிரியைப் பீரோவிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். டிசம்பரில் உண்மைத்தன்மைச் சான்றுக்குக் கொடுங்கள், பொங்கல் விடுமுறையில் அலுவலகங்கள் மூடியிருக்கும் நாட்களையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் பள்ளிகள் நேர்காணல் வைக்கும்போது, "ஆவணங்கள் தயாரா?" என்று கேட்டால் தயார் என்று சொல்லலாம். இரண்டாவது முறை என்னிடம் அதைத்தான் கேட்டார்கள். தயார் என்றேன், அன்றைக்கு இரவே வேலை உத்தரவு மின்னஞ்சலில் வந்தது.