ஹெட்டிரோசைக்கிளை இரண்டாம் முறை நான் படித்த விதம்

முதல் முறை சிஎஸ்ஐஆர் நெட் தகுதித் தேர்வின் வேதியியல் தாளை எழுதப் போனபோது ஹெட்டிரோசைக்கிளுக்கென்று, அதாவது கார்பன் வளையத்தில் ஆக்சிஜன், நைட்ரஜன், கந்தகம் போன்ற வேறு அணுவும் கலந்த சேர்மங்களுக்கென்று, தனி நோட்டே வைத்திருந்தேன். பால்-நார், ஹான்ச், ஃபிஷர் இன்டோல், ஸ்கிராப் என்று, கண்டுபிடித்தவர் பெயரால் வழங்கும் வளையம் கட்டும் வினைகள் எல்லாம் மனப்பாடம். சி பகுதியில் வந்த கேள்வியிலோ பியூரான் (ஆக்சிஜன் உள்ள ஐந்தணு வளையம்) முதல் படியிலேயே நின்றது. கடைசிப் படியில் அந்த வளையமே இல்லை. வளையத்தை எப்படிக் கட்டுவது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்த நான், கட்டிய வளையத்தை வைத்து என்ன செய்வது என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. குத்துமதிப்பாக ஒன்றைக் குறித்தேன். 4 மதிப்பெண்ணும் போய், கையிலிருந்ததில் 1-ம் கழிந்தது.

அடுத்த முறை, ஒவ்வொரு வளையமும் தனக்குள் எதை ஒளித்து வைத்திருக்கிறது என்று பார்த்துப் படித்தேன். பியூரானுக்குள் இருப்பது 1,4-டைகீட்டோன், அதாவது இரண்டு கீட்டோன் தொகுதிகள் உள்ள சங்கிலி. அந்தச் சங்கிலியை வளையமாக்கும் பால்-நார் வினையைப் பின்னோக்கி ஓட்டுவதுதான், வேறொன்றுமில்லை. இதற்கு சிஸ்-ஜாஸ்மோனைப் போல ஓர் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஜாதிமல்லி மணத்தில் பங்குள்ள சேர்மம் அது. அதைத் தயாரிக்க வேதியியலாளர்கள் பியூக்கியும் வூஸ்டும் 1966-ல் வெளியிட்ட வழி இது. 2-மெத்தில்பியூரானின் 5-ஆம் இடத்து ஹைட்ரஜனை பியூட்டைல் லித்தியம் பிடுங்கும், அந்த இடத்தில் சிஸ்-3-ஹெக்ஸினைல் சங்கிலி சேரும். அப்புறம் அமிலமும் நீரும் வளையத்தைத் திறக்கும். கிடைத்த டைகீட்டோனில் காரம் சேர்த்தால் உள்ளுக்குள்ளேயே ஆல்டால் வினை (ஒரு கீட்டோனின் பக்கத்துக் கார்பன் இன்னொரு கீட்டோனைத் தாக்குவது) நடந்து ஐந்து கார்பன் வளையம் வந்துவிடும்.

சறுக்கும் இடம் இந்தக் கடைசிப் படிதான். மெத்தில் பக்கத்திலிருந்து தாக்கினாலும் ஐந்து கார்பன் வளையமே வரும். ஆனால் இரட்டைப் பிணைப்பில் பதிலிகள் (ஹைட்ரஜனுக்குப் பதிலாக நிற்கும் தொகுதிகள்) அதிகமுள்ளதுதான், அதாவது சங்கிலிப் பக்கத்திலிருந்து தாக்கி வருவதுதான், முதன்மை விளைபொருள். இரண்டையும் ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள். கண்ணால் படித்தால் நிற்காது.

ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் உள்ள தயோபீனும் இதே ஜாதிதான். ரேனி நிக்கல் என்ற வினையூக்கி கந்தகத்தைக் கழற்றிவிட்டால் நான்கு கார்பன் நேர்ச்சங்கிலி மிஞ்சும். கேள்வியில் தயோபீனும் விடைகளில் நீண்ட அல்கேன் சங்கிலியும் இருந்தால் இப்போதெல்லாம் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

நைட்ரஜன் உள்ள ஆறணு வளையமான பிரிடின் அப்படித் திறந்து கொடுக்காது. அதன் நைட்ரஜனின் லோன் பேர் (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடி) வளையத்துக்கு நிலைத்தன்மை தரும் ஆறு அரோமாட்டிக் எலக்ட்ரான்களில் சேராமல் வெளியே நிற்கிறது, ஐந்தணு நைட்ரஜன் வளையமான பிர்ரோலில் உள்ளே போய்விடுகிறது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் பாதிப் பாடம் முடிந்தது. 2-குளோரோபிரிடினில் அமீன் குளோரினை விரட்டும், 3-குளோரோவில் எளிதில் விரட்டாது. 4-ஆம் இடத்தில் நைட்ரோ வேண்டுமா, முதலில் நைட்ரஜனில் ஆக்சிஜன் சேர்த்து என்-ஆக்சைடு ஆக்கிவிட்டுத்தான் போக வேண்டும். இன்டோல் (பென்சீனோடு ஒட்டிய பிர்ரோல்) என்றால் எலக்ட்ரான் நாடும் வினைப்பொருள் சேர்வது 3-ஆம் இடம், சரி, அதற்கு அவ்வளவு போதும்.

ஒரே வளையத்தில் நைட்ரஜனோடு ஆக்சிஜனோ கந்தகமோ சேர்ந்திருக்கும் ஆக்சசோல், தயசோல் வகையறா எனக்குக் கடைசிவரை கைவரவில்லை. சி பகுதியின் 60 கேள்விகளில் 25-க்குத்தான் விடை எழுத வேண்டும் என்பதால், அவை வந்தால் தாண்டிப் போவது என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.