சீரமைத்து மாற்றியமைத்த லேண்ட்ரோவரை விற்ற அனுபவம்

பல ஆண்டுகள் என்னிடம் இருந்த, முழுமையாகப் பிரித்துச் சீரமைக்கப்பட்டு முக்கியமான சில பாகங்கள் மாற்றப்பட்ட ஒரு லேண்ட்ரோவர் சீரீஸ் 3 வண்டியை அண்மையில் விற்று முடித்தேன். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை வாங்குவது பற்றியும் பழுது பார்ப்பது பற்றியும் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். விற்பது பற்றி, அதிலும் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இல்லாத ஒரு வண்டியை விற்பது பற்றி, விரிவாக எழுதியவர்கள் குறைவு. அந்த வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்தவற்றை எழுதி வைக்கிறேன்.

சீரீஸ் 3 வரிசை 1971 முதல் 1985 வரை தயாரானது. என்னுடையது 88 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) கொண்ட குட்டை வண்டி. பாடியின் பெரும்பகுதி அலுமினியக் கலவை என்பதால் அதில் இரும்புத்துரு ஏறுவதில்லை. ஆனால் அதைத் தாங்கும் சேசிஸும், எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவே நிற்கும் பல்க்ஹெட்டும் இரும்பால் ஆனவை. சேசிஸ் உள்ளீடற்ற பெட்டி வடிவில் இருப்பதால், உள்ளே தேங்கும் ஈரமும் சேறும் அதை உள்ளிருந்தே அரிக்கின்றன. வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளே தகடு அப்பளம் போல் நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும். என் வண்டியில் பின்புறக் குறுக்குச் சட்டமும் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் தாங்கிகளும் அந்த நிலையில் இருந்ததால், துத்தநாக முலாம் பூசிய புதிய சேசிஸ் ஒன்றைப் போட்டேன். பல்க்ஹெட்டில் கால் வைக்கும் இடங்களையும் கதவுத் தூண்களின் அடிப்பகுதியையும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்து, அதற்கும் முலாம் பூசச் செய்தேன்.

மாற்றங்களில் பெரியது எஞ்சின். வண்டியோடு வந்தது 2286 சிசி பெட்ரோல் எஞ்சின். அதன் இடத்தில் 1989இல் டிஸ்கவரியுடன் அறிமுகமான 200 டிடிஐ என்னும் 2495 சிசி டர்போ டீசல் எஞ்சின் அமர்ந்தது. இரண்டும் ஒரே குடும்பத்திலிருந்து வளர்ந்தவை என்பதால் பழைய கியர்பாக்ஸோடு அதிகச் சிரமமின்றிப் பொருந்துகின்றன. சீரீஸ் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த எஞ்சினை நாடுவதற்கு அதுவே காரணம். எஞ்சினின் கூடுதல் திறனுக்கு ஏற்ப, ஆக்ஸில்களின் நடுவில் இருந்து இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல்களில், 4.7 விகிதமுள்ளவற்றை எடுத்துவிட்டு 3.54 விகிதமுள்ளவற்றைப் போட்டதால், அதே வேகத்தில் எஞ்சின் சுழற்சி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. வேகம் கூடினால் நிறுத்தும் திறனும் கூட வேண்டும் என்பதற்காக முன்சக்கரங்களின் டிரம் பிரேக்கை டிஸ்க் பிரேக்காக மாற்றினேன். பல அடுக்கு லீஃப் ஸ்பிரிங்குகளின் இடத்தில், குறைந்த பட்டைகளுடன் ஒன்றோடொன்று உராயாமல் வேலை செய்யும் பாரபோலிக் ஸ்பிரிங்குகள் வந்தன.

விற்பது என்று முடிவு செய்தவுடன் எழுந்த முதல் கேள்வி, வண்டியை ஒரிஜினல் நிலைக்குத் திருப்பிவிட்டு விற்கலாமா என்பது. பழைய வண்டிகளைச் சேகரிப்பவர்கள் தொழிற்சாலை நிலையையும், சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவேட்டோடு ஒத்துப்போவதையும் பெரிதாக மதிக்கிறார்கள். ஆனால் என் வண்டியில் சேசிஸே புதியது. எதைச் செய்தாலும் அது சேகரிப்பாளருக்கு உரிய வண்டி ஆகாது. நீண்ட தூரம் ஓட்ட விரும்பும் ஒருவருக்கு இந்த மாற்றங்களே அந்த வண்டியின் சிறப்பு. ஆகவே எஞ்சின், டிஃபரன்ஷியல், பிரேக், ஸ்பிரிங் ஆகியவற்றைத் தொடவில்லை. மாறாக, கழற்றி மாட்டக்கூடிய துணைப்பொருள்கள் அனைத்தையும் கழற்றினேன். முன்புற வின்ச் (சிக்கிய வண்டியை வடத்தால் இழுக்கும் கருவி), கூரை மேலிருந்த விளக்கு வரிசை, அகலமான சேற்று டயர்கள் ஆகியவை வண்டியோடு சேர்ந்திருக்கும்போது விலையில் அநேகமாக எதையும் கூட்டுவதில்லை. அவை ஒவ்வொருவரின் விருப்பத்தைப் பொறுத்தவை. தனித்தனியாக விற்றபோது அவற்றுக்கு நியாயமான தொகை கிடைத்தது. வண்டியும் மெலிந்து, தனக்குரிய தோற்றத்துக்குத் திரும்பியது. வாங்க வந்தவர்கள் கற்பனை செய்து பார்க்க இடம் கிடைத்தது என்பது இதில் நான் எதிர்பாராத நன்மை.

கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது பெரிதும் கைகொடுத்தது. பெட்ரோல் எஞ்சின் ஒரு இரும்புத் தாங்கியில் எண்ணெய் பூசப்பட்டு இருந்தது. டிரம் பிரேக் தொகுதிகளும் பழைய டிஃபரன்ஷியல்களும் பெயர் ஒட்டிய பெட்டிகளில் இருந்தன. அவை வண்டியோடு வரும் என்று சொன்னவுடன், மாற்றியமைத்த வண்டி என்பதால் தயங்கியவர்களின் கேள்விகள் வேறு விதமாக மாறின. திரும்பிப் போக வழி இருக்கிறது என்ற நம்பிக்கை, அந்த வழியில் ஒருவர் போகாவிட்டாலும்கூட, அவருக்கு ஆறுதல் தருகிறது.

நான் அதிக உழைப்பைச் செலவிட்டது ஆவணங்களில்தான். சேசிஸ் மாறிய வண்டியில் அடையாளம் ஒரு நுட்பமான விஷயம். சீரீஸ் 3 வண்டியில் எண் சேசிஸின் முன்புறத்தில், ஸ்பிரிங் தாங்கி அருகே பொறிக்கப்பட்டிருக்கும். புதிய சேசிஸில் அந்த எண்ணைப் பொறிப்பது பற்றிய விதி நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பதிவு அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு அதைச் செய்வதே பாதுகாப்பானது. அந்த ஒப்புதல் கடிதம், புதிய சேசிஸ் வாங்கிய ரசீது, பழைய சேசிஸில் எண் தெளிவாகத் தெரியும் படங்கள் ஆகிய மூன்றும் என்னிடம் இருந்தன. எஞ்சின் மாற்றமும் எரிபொருள் மாற்றமும் பதிவுச் சான்றில் ஏறியிருந்தன. இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் விற்பனைக்கு வைக்கும் முன்பே அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாங்குபவர் பணத்தோடு வந்து நிற்கும் நேரத்தில் அலுவலகத்துக்கு அலைந்தால் அவருடைய நம்பிக்கை பாதியாகக் குறைந்துவிடும்.

இங்கிலாந்தின் கேடன் கிராமத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகம் பழைய லேண்ட்ரோவர்களுக்குப் பாரம்பரியச் சான்றிதழ் வழங்குகிறது. வண்டி எப்போது தயாரானது, முதலில் என்ன நிறத்தில் இருந்தது, என்ன எஞ்சின் எண்ணோடு எங்கே அனுப்பப்பட்டது என்பன போன்ற விவரங்கள் தொழிற்சாலைப் பதிவேடுகளிலிருந்து எடுத்துத் தரப்படுகின்றன. மாற்றங்கள் செய்த வண்டிக்கு அது எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். மாற்றியமைத்த வண்டிக்குத்தான் அது இன்னும் தேவை என்று நினைக்கிறேன். வண்டி எந்த நிலையில் பிறந்தது என்பதற்கு அந்தச் சான்றிதழ், இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு என் வேலைப் பதிவேடு என்று இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியபோது, இடையில் நடந்தது என்ன என்று ஊகிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம், பாகத்தின் எண், பொருத்திய தேதி, செய்தவர் யார் என்ற விவரம், ரசீது, படம் எல்லாம் இருந்தன. 200 டிடிஐ எஞ்சினில் வால்வுகளின் இயக்கத்தை எஞ்சின் சுழற்சியோடு ஒத்திசைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் உள்ளே பெரிய சேதம் நேரும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்டது பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதைத்தான். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்ட முடிந்தது.

விலையை முடிவு செய்வது மனத்தை வருத்திய வேலை. செலவழித்த தொகையைக் கூட்டி, அதையே விலையாக எதிர்பார்ப்பவர்கள் இந்த வகை வண்டிகளை நீண்ட காலம் விற்க முடியாமல் வைத்திருக்கிறார்கள். சீரமைப்புக்கு ஆன கூலியும் பாகங்களின் விலையும் அப்படியே திரும்பி வருவது அரிது. மாற்றங்களுக்கு ஆன செலவு அதைவிடக் குறைவாகவே திரும்புகிறது. விளம்பரங்களில் காணப்படும் தொகை விற்பவரின் விருப்பம் மட்டுமே என்பதால், முடிவுகளை வெளியிடும் ஏல நிறுவனங்களின் பட்டியல்களில் உண்மையில் விற்ற தொகைகளைப் பார்த்தேன். நல்ல நிலையிலுள்ள ஒரிஜினல் வண்டி எந்த அளவில் போகிறது, முலாம் பூசிய சேசிஸும் டிடிஐ எஞ்சினும் உள்ள வண்டி எந்த அளவில் போகிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டு, இரண்டாவது வகையின் மேல் நிலையில் என் விலையை வைத்தேன். பேரத்துக்கென்று பெரிய இடைவெளி விடவில்லை. ஏலத்துக்கே அனுப்பலாமா என்றும் யோசித்தேன். ஆனால் ஏலத்தில் ஒரு வண்டியின் கதையைச் சொல்லக் கிடைப்பது சில வரிகளும் சில நிமிடங்களும்தான். என் வண்டியின் மதிப்போ நேரில் பேசி, அடியில் படுத்துப் பார்த்தால் மட்டுமே புரியக்கூடியது. ஆகவே நேரடி விற்பனையைத் தேர்ந்தெடுத்தேன்.

படங்களை மேகமூட்டமான பகல் ஒன்றில் எடுத்தேன். கடும் வெயிலில் அலுமினியப் பலகையின் நெளிவுகளும் பெயின்டின் உண்மையான நிறமும் சரியாகத் தெரிவதில்லை. அழகான பக்கவாட்டுப் படங்கள் சிலவே போதும். சேசிஸின் உட்புறம், பின் குறுக்குச் சட்டம், பல்க்ஹெட்டின் கால் வைக்கும் இடங்கள், முன்சக்கரங்கள் திரும்ப உதவும், முன் ஆக்ஸிலின் ஸ்விவல் உருண்டைகள் ஆகியவற்றின் படங்களையே அதிகம் சேர்த்தேன். அவற்றோடு, கதவுகளின் அடியில் அலுமினியத் தகடும் இரும்புச் சட்டமும் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடியாகத் தொடங்கியிருந்த அரிப்பு, கியர்பாக்ஸிலிருந்து முன், பின் ஆக்ஸில்களுக்குச் சுழற்சியை அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்புறத்தில் மெல்லிய எண்ணெய்க் கசிவு, டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டுகளான பழைய 10 பல் ஹாஃப் ஷாஃப்டுகள் இன்னும் மாற்றப்படவில்லை என்ற தகவல் ஆகியவற்றையும் விளம்பரத்திலேயே எழுதினேன். அந்த ஷாஃப்டுகள் சீரீஸ் வண்டியின் பலவீனமான இடம் என்பதும், திறன் கூடிய எஞ்சினோடு அவற்றைக் கவனமாக நடத்த வேண்டும் என்பதும் இந்த வண்டிகளை அறிந்த அனைவருக்கும் தெரியும். குறையை நாமே சொல்லிவிட்டால், அதை வாங்குபவர் கண்டுபிடித்து விலையைக் குறைக்கக் கேட்கும் சூழல் எழுவதில்லை. விலை ஏற்கெனவே அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது என்று அமைதியாகச் சொல்லலாம். எஞ்சின் குளிர்ந்த நிலையிலிருந்து இயக்கத்துக்கு வருவதையும், தொடக்கப் புகை விரைவில் மறைவதையும் வெட்டாமல் ஒரே காணொளியாக எடுத்துச் சேர்த்தேன்.

வந்த விசாரிப்புகள் பல வகை. வண்டியைப் பார்க்காமலேயே, கேட்ட விலைக்கு மேல் அனுப்புவதாகவும், மிச்சத்தை வண்டி ஏற்றிச் செல்பவருக்குக் கொடுத்துவிடும்படியும் எழுதிய ஒருவருக்கு நான் பதில் அனுப்பவில்லை. அது பரவலாக அறியப்பட்ட மோசடி முறை. அன்றாடம் நெடுஞ்சாலையில் அலுவலகம் போய்வர இந்த வண்டியை விரும்பிய ஒருவரிடம், உள்ளே இருவர் உரக்கப் பேசினால்தான் கேட்கும் என்பதையும், இன்றைய வண்டிகளில் உள்ள பாதுகாப்பு வசதிகள் இதில் இல்லை என்பதையும் வெளிப்படையாகச் சொன்னேன். அவர் நன்றி சொல்லி விலகினார். அந்த விற்பனை போனதில் எனக்கு வருத்தமில்லை. தவறான கைக்குப் போன பழைய வண்டி சில மாதங்களில் ஓரமாக நிறுத்தப்பட்டு, மழையில் நனைந்து, மறுபடியும் துருவின் பக்கம் போய்விடும்.

இறுதியில் வாங்கியவர் ஏற்கெனவே ஒரு சீரீஸ் 2 வண்டியை ஒரிஜினல் நிலையில் பாதுகாத்து வருபவர். நீண்ட பயணங்களுக்கு அதைக் களைப்படையச் செய்ய மனமில்லாமல், பயணத்துக்கென்றே இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். சிறு சுத்தியலும் டார்ச் விளக்கும் கொண்டு வந்து, என்னிடம் அனுமதி கேட்டு, சேசிஸின் ஒவ்வொரு பகுதியையும் தட்டிப் பார்த்தார். பல்க்ஹெட்டில் காந்தத்தை வைத்து, எங்காவது பள்ளங்களை மறைக்கும் பட்டி (ஃபில்லர்) கனமாகப் பூசப்பட்டிருக்கிறதா என்று பரிசோதித்தார். அவர் வருவதற்கு முன் எஞ்சினை நான் சூடாக்கி வைக்கவில்லை. குளிர்ந்த எஞ்சின் எப்படிப் புறப்படுகிறது என்பதைப் பார்க்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

ஓட்டிப் பார்க்கும் பாதையை முன்பே யோசித்து வைத்திருந்தேன். தார்ச்சாலையில் சற்றுத் தூரம், ஒரு ஏற்றம், கடைசியில் தளர்ந்த மண் தரை. மஞ்சள் குமிழை அழுத்தினால் வழக்கமான வேகத்துக்குரிய ஹை ரேஞ்சில் நான்கு சக்கரமும் இயங்கும்; சிவப்பு நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தால், மெதுவாக, அதிக இழுவையோடு செல்லும் லோ ரேஞ்ச். இந்த வண்டியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது என்பதால், நான்கு சக்கர இயக்கத்தைப் பிடிப்புள்ள சாலையில் போட்டால் முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே முறுக்கம் ஏறி, பாகங்கள் வீணாகத் தேயும். ஆகவே அதை மண் தரையில் மட்டுமே காட்ட முடியும். அவருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. இருந்தாலும் நானே முதலில் இயக்கிக் காட்டி, பிறகு அவர் கையில் கொடுத்தேன். புதிதாக வருபவர்களுக்கு ஹேண்ட் பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சக்கரங்களைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்னால் உள்ள டிரம்மைப் பிடிக்கிறது. வண்டி நின்ற பிறகே அதை இழுக்க வேண்டும்.

பேரம் சுருக்கமாக முடிந்தது. ஹாஃப் ஷாஃப்டுகளை வலுவானவையாக மாற்றும் செலவில் ஒரு பகுதியை ஏற்கும்படி அவர் கேட்டார். அவை விளம்பரத்திலேயே சொல்லப்பட்டவை என்று நினைவூட்டினேன். ஆனால் அவற்றை மாற்றப் போகிறவர் என்பது எனக்குப் பிடித்திருந்ததால் சிறு தொகை குறைத்தேன். வண்டியின் அப்போதைய நிலை, விளம்பரத்தில் எழுதிய குறைகள், உடன் தரும் பாகங்கள் அனைத்தையும் பட்டியலிட்டு எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். முழுத் தொகையும் என் கணக்கில் வந்து சேர்ந்ததை வங்கியில் நேரடியாக உறுதி செய்த பிறகே சாவியையும் பதிவுச் சான்றையும் கொடுத்தேன். உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலகத்தில் அன்றே தெரிவித்து, அதற்கான ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்தபின் காப்பீட்டை நிறுத்தினேன். வாங்கியவர் தெரிவித்துவிடுவார் என்று விட்டுவிட்டால், பிறகு அந்த வண்டியால் ஏற்படும் எந்தப் பொறுப்பும் பழைய உரிமையாளரைத் தேடி வரக்கூடும்.

பெட்ரோல் எஞ்சினையும் பெட்டிகளையும் ஏற்றிச் செல்ல அவர் தனியாக ஒரு வண்டி கொண்டு வந்தார். பதிவேட்டின் மின்வடிவப் பிரதி ஒன்றை நான் வைத்துக்கொண்டு, மூலத்தை அவரிடம் கொடுத்தேன். இப்போது புதிய ஷாஃப்டுகள் பொருத்தப்பட்டுவிட்டன. அந்த வேலையின் ரசீதையும் படங்களையும் அவர் அதே பதிவேட்டில் அடுத்த பக்கத்தில் சேர்த்து எனக்கும் அனுப்பியிருந்தார்.