ஆறு புள்ளி எட்டு

ஜூலை 6, 2024, சனி
மதுரையில் செவிலியர்களான எங்களுக்கு மனவிழிப்புப் பயிற்சி. ஆளுக்கோர் உலர்திராட்சை கொடுத்தார்கள். சுருக்கங்களைப் பார்க்க வேண்டும், முகர வேண்டும், நாக்கில் வைத்துக் கடிக்காமல் இருக்க வேண்டும். மதியச் சோற்றை நின்றபடியே அள்ளி விழுங்குகிறவர்கள் நாங்கள். கடித்தபோது பக்கத்தில் இருந்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. 1979-ல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தீராத வலிக்காரர்களுக்காகத் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சிதான் இதற்கு வேராம். நோயாளியைப் பார்க்கிறவளுக்கும் இது வேண்டும் என்று யாருக்கோ தோன்றியதே!

ஜூலை 7, ஞாயிறு
ரத்தத்தில் ஹீமோகுளோபின் 6.8 மட்டுமே இருக்கும் என் கர்ப்பிணிப் பெண். அவள் போனை எடுக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்
இரவு பாயில் படுத்துக் கால்விரலில் இருந்து கவனத்தை மேலே கொண்டுவந்தேன். முழங்கால் வருவதற்குள் 6.8. மறுபடி கால்விரல். மறுபடி 6.8. மனம் ஓடினால் திட்டாமல் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். தாடை இறுகிக் கிடப்பது மட்டும் தெரிந்தது.

ஜூலை 10, புதன்
தடுப்பூசி நாள். வாசல் வரை கூட்டம். ஒவ்வொரு குழந்தைக்கும் முன்னால் ஒரு மூச்சு முழுதாக விட்டேன். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசிக்கு இடது தொடை. மருந்து ஏறும்வரை அந்தக் கட்டைவிரல் அளவுச் சதையைத் தவிர வேறெதுவும் கண்ணில் இல்லை. மாலையில் தலைவலி இல்லை.

ஜூலை 11, வியாழன்
அவளுக்கு ஏழாம் மாதம். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் கடும் ரத்தசோகை. மாத்திரையை நம்பி வீட்டில் விட முடியாது, ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். "சூளைக்குப் போயிருக்கிறாள் நர்ஸம்மா, வாங்கிய முன்பணம் கழிய வேண்டாமா?" என்கிறார் மாமியார். எந்தச் சூளை என்று கேட்டால் கையை விரிக்கிறார். ஏழு மாத வயிற்றோடு குனிந்து கல் அறுக்கிறாளா? மூச்சு வாங்கினால் யாரிடம் சொல்வாள்? தாய் சேய் அட்டையாவது கையில் இருக்கிறதா? சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. காலியாகக் கிடக்கும் பக்கத்து நிலையமும் என் தலையில்தான். மூச்சைக் கவனித்தால் அந்த இடம் நிரம்பிவிடாது. இதைச் சனிக்கிழமை எழுந்து நின்று சொல்லப்போகிறேன்.

ஜூலை 13, சனி
சொன்னேன். பயிற்சியாளர் மறுக்கவில்லை, எழுதிக்கொண்டார். கண்மூடி உட்கார்ந்ததும் நன்றாக அழுதேன்.

ஜூலை 14, ஞாயிறு
மாமியாரே போன் செய்தார். நாளை முதல் பஸ்ஸில் செக்கானூரணி வருகிறாளாம். பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போகிறேன்.

ஜூலை 15, திங்கள்
முதல் பஸ்ஸில் அவள் இல்லை. அடுத்தது 7.40-க்கு.