தெருவிளக்கு எரிய ஒரு கவுன்சில் தீர்மானம்

அயர்லாந்தில் புதிதாகக் கட்டிய எஸ்டேட்டில் (சேர்ந்தாற்போல் கட்டிய வீடுகள் உள்ள குடியிருப்பை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வீடு வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள். எந்த நகரம், எந்த பில்டர் என்று சொல்லப் போவதில்லை. வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது, மறுபடி யாரோடும் மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை.

பிரச்சினை என்னவோ சின்னதுதான். எங்கள் எஸ்டேட்டில் புல்வெளியை ஒட்டி வரிசையாக நிற்கும் தெருவிளக்குகள் அணைந்துபோயின. டிசம்பரில் இங்கே மாலை நாலே காலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். அதோடு எங்கள் ரோட்டில் கடைசிப் பூச்சுத் தார் போடவே இல்லை, அதனால் மேன்ஹோல் மூடிகள் ரோட்டு மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். பகலில் பார்த்து ஒதுங்கிப் போகலாம். இருட்டில் குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தால் முன்சக்கரம் நேராகப் போய் அதில்தான் முட்டும்.

கவுன்சில் (நம் ஊர் நகராட்சி மாதிரி உள்ளாட்சி அமைப்பு) இணையதளத்தில் தெருவிளக்குப் புகாருக்கென்றே படிவம் இருக்கிறது, ஆனால் கம்பத்தின் எண்ணைக் கொடுக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. போன் டார்ச்சை அடித்துக்கொண்டு ஒவ்வொரு கம்பமாகப் பார்த்தேன். மெயின் ரோட்டில் இருக்கும் கம்பங்களில் தலை உயரத்துக்குச் சின்னத் தகடு அடித்து எண் போட்டிருக்கிறது, எங்கள் கம்பங்களிலோ காணாமல்போன ஒரு பூனையின் போஸ்டரைத் தவிர ஒன்றும் இல்லை. சரி, போனிலேயே கேட்டுவிடுவோம் என்று கூப்பிட்டால், எதிர்முனையில் இருந்தவர் எஸ்டேட் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் எஸ்டேட்டைக் கவுன்சில் இன்னும் பொறுப்பேற்கவில்லை, அது ப்ரைவேட் ரோடு, பில்டரைக் கேளுங்கள்" என்றார். சொத்து வரி கட்டுகிறோமே என்றேன். அது ரெவின்யூ (அரசின் வரித்துறை) வசூலிப்பது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். அந்தச் சொத்து வரியை ரெவின்யூ வசூலிப்பது உண்மைதான், ஆனால் அந்தப் பணம் கடைசியில் உள்ளாட்சிகளுக்குத்தானே போய்ச் சேருகிறது என்று நான் கேட்பதற்குள் நல்ல வார இறுதி அமையட்டும் என்று வாழ்த்திப் போனை வைத்துவிட்டார்.

இதுதான் முதல் பாடம். வீடு கட்டி முடித்து, சாவி கொடுத்து, நாம் குடியேறிவிட்டாலும் ரோடு, நடைபாதை, விளக்கு எதுவும் தானாகக் கவுன்சிலுக்குப் போய்விடாது. பில்டர் எல்லாவற்றையும் பிளானிங் அனுமதியில் (கட்டட அனுமதி) சொன்னபடி முடித்திருக்க வேண்டும், அப்புறம் கவுன்சில் முறைப்படி ஏற்றுக்கொள்ள வேண்டும். இதை 'டேக்கிங் இன் சார்ஜ்' என்பார்கள். அது நடக்காதவரை அணைந்த விளக்கு பில்டர் தலையில், பில்டர் போனை எடுக்கவில்லை என்றால் நம் தலையில். எங்கள் பில்டர் எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா, வாழ்நாள் முழுக்க இதே ஊரில் இருந்தவர், "மேயருக்கு எழுது" என்றார். எழுதினேன். வீணாய்ப் போன உழைப்பு என்று சொல்லலாம். டப்ளினிலும் கார்க்கிலும் இருக்கும் லார்டு மேயர் ஆகட்டும், கால்வே மேயர் ஆகட்டும், கவுன்சிலர்கள் தங்களுக்குள்ளேயே வருடத்துக்கு ஒருவராகத் தேர்ந்தெடுத்துக்கொள்கிற பதவி அது. கழுத்தில் தங்கச் சங்கிலியோடு விழாக்களில் பார்க்கலாம். கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், நிர்வாகம் அவர் கையில் இல்லை. லிமெரிக் மட்டும் விதிவிலக்கு, அங்கே 2024 ஜூனில் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு ஜான் மோரனை மேயராக்கினார்கள், அவருக்குக் கொஞ்சம் அதிகாரமும் உண்டு. எங்கள் ஊர் மேயர் அலுவலகத்திலிருந்து மிக அன்பான கடிதம் ஒன்று வந்தது. உங்கள் கடிதத்தைச் சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பிவிட்டோம் என்று. சம்பந்தப்பட்ட பிரிவு என்பது அந்த ப்ரைவேட் ரோடு ஆசாமி.

அடுத்தது கவுன்சிலர்கள். டப்ளின் சிட்டி கவுன்சிலில் 63 பேர், கார்க்கில் 31, கால்வேயில் 18. நம் ஊர் வார்டு மாதிரி ஒரு பகுதிக்கு ஒருவர் கிடையாது, ஒவ்வொரு தேர்தல் பகுதிக்கும் பல பேர். விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று எண் போடும் முறையில் ஓட்டு என்பதால், ஒரே கட்சியைச் சேர்ந்த இருவர்கூட ஒருவர் ஓட்டை இன்னொருவர் பறிக்கப் பார்ப்பார்கள். இது நமக்கு நல்லது. எல்லோருக்கும் எழுதுங்கள், ஆனால் ஒரே மெயிலில் எல்லோரையும் போடாதீர்கள், தனித்தனியாக அனுப்புங்கள். ஒன்றாக அனுப்பினால் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோருமே இருந்துவிடுகிறார்கள்.

வந்த பதில்களில் ஒன்று, "உங்கள் சார்பாகப் பேசியிருக்கிறேன்" என்று சொல்லி, எனக்குப் போனில் சொன்ன அதே பதிலை லெட்டர்ஹெட்டில் ஸ்கேன் செய்து அனுப்பியது. இன்னொருவர் மட்டும் தம் சனிக்கிழமை கிளினிக்குக்கு வரச் சொன்னார். கவுன்சிலர்கள் மக்களைச் சந்திக்கும் நேரத்தைத்தான் கிளினிக் என்கிறார்கள், சமூகக் கூடத்தின் பின்னறையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கெட்டில். அவர் கேட்ட முதல் கேள்வியே, "உங்கள் எஸ்டேட்டில் எத்தனை பேர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறீர்கள்?" என்பதுதான். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இந்தியா, பிலிப்பைன்ஸ், பிரேசில் என்று வெளிநாட்டு ஆட்கள். குடியுரிமை வாங்காத எங்களுக்கு ஓட்டு ஏது என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்தோம். உள்ளாட்சித் தேர்தலுக்குக் குடியுரிமை தேவையே இல்லை. 18 வயது முடிந்து இங்கே குடியிருந்தால் போதும், பி.பி.எஸ். எண்ணையும் (அரசு தரும் தனிநபர் அடையாள எண்) ஏர்கோடையும் (வீட்டு முகவரிக் குறியீடு) வைத்து இணையத்திலேயே பதியலாம். போன தேர்தல் 2024 ஜூன் 7-இல் நடந்தது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்பதால் அடுத்தது 2029. இப்போதே பதிந்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

அந்தக் கவுன்சிலர்தான் இந்த ஊர்க் கணக்கை எனக்குப் புரிய வைத்தார். இங்கே கவுன்சிலர் ஓர் எஞ்சினியரைக் கூப்பிட்டு "அந்த விளக்கை மாட்டு" என்று உத்தரவு போட முடியாது. அன்றாட நிர்வாகம், ஆள் நியமனம், யாருக்கு வீடு ஒதுக்குவது, எந்த பிளானிங் விண்ணப்பத்துக்கு அனுமதி என்பதெல்லாம் சீஃப் எக்ஸிக்யூடிவ் என்கிற அதிகாரியின் பொறுப்பு. 1929-இல் கார்க்கில் தொடங்கிய மேனேஜர் முறையின் தொடர்ச்சி இது, 2014 சீர்திருத்தத்தில் பதவிப் பெயர் மாறியது. பட்ஜெட், வளர்ச்சித் திட்டம், துணை விதிகள் போன்ற சிலவற்றைத்தான் சட்டம் கவுன்சிலர்களின் ஓட்டுக்கு விட்டிருக்கிறது. ஒரு ரோட்டைப் பொது ரோடாக அறிவிப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆக விளக்கை மாற்றச் சொல்லும் அதிகாரம் இல்லாத அதே கவுன்சிலர்கள் கை தூக்கினால்தான் அந்த விளக்கு கவுன்சிலின் விளக்காகும்! அதிகாரிகள் கோப்பைத் தயார் செய்து கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும், கவுன்சிலர்கள் நிறைவேற்ற வேண்டும். இரண்டு பக்கமும் போய்த் தட்ட வேண்டியது நாம்.

அப்புறம் பிளானிங் கோப்பு. எங்கள் எஸ்டேட்டின் பழைய அனுமதி இணையத்தில் அரைகுறையாகத்தான் இருந்தது, நேரில் பார்க்கலாம் என்று வேலைக்கு அரை நாள் லீவு போட்டுக் கவுன்டருக்குப் போனால், பழைய கோப்புகள் வேறொரு கிடங்கில் இருக்கின்றன, முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டும் என்றார்கள். இணையதளத்தில் அந்தக் கவுன்டரின் நேரம் போட்டிருந்தது, இது போடவில்லை. பிளானிங் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு முதலில் மெயில் போடுங்கள், வந்துவிட்டது என்று பதில் வந்தபிறகு கிளம்புங்கள். ஆனால் பார்த்தே ஆக வேண்டிய கோப்பு. அதில்தான் பில்டர் கட்டிய பாண்ட் பற்றிய நிபந்தனை இருந்தது. எஸ்டேட்டை ஒழுங்காக முடிப்பேன் என்பதற்குப் பிணையாக வைக்கும் தொகை அது, முடிக்காவிட்டால் கவுன்சில் அதில் கை வைக்கலாம். போனை எடுக்காத பில்டருக்கும் காது கேட்கிற ஒரே விஷயம்.

பொறுப்பேற்கச் சொல்லிக் கவுன்சிலைக் கேட்க பில்டருக்கு உரிமை உண்டு, அவர் கேட்காவிட்டால் வீட்டு உரிமையாளர்களில் பெரும்பான்மையோர் கேட்கலாம். படிவத்தை எடுத்துக்கொண்டு குளிரில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். திரும்பி வந்தது. வாடகைக்கு இருப்பவர்கள் கையெழுத்து செல்லாதாம், உரிமையாளர்தான் போட வேண்டுமாம். எங்களுக்குக் கொடுத்த தாளில் 'குடியிருப்போர்' என்றே அச்சிட்டிருந்தது. அதைக் காட்டினால், அது பழைய படிவம் என்றார் கவுன்சிலில் இருந்த அம்மையார். அதை எங்களுக்குக் கொடுத்ததே அவர்தான். வாடகை வீடுகளின் உரிமையாளர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவில், இன்னொரு வீடு ஏதோ கம்பெனி பெயரில். குடியிருப்பவருக்கே உரிமையாளரைத் தெரியாத வீடுகளுக்கு, நிலப் பதிவேட்டின் லேண்ட் டைரக்ட் தளத்தில் 5 யூரோ கட்டி ஃபோலியோவை (அந்தச் சொத்தின் பதிவு) எடுத்தால் பதிவாகியிருக்கும் பெயர் கிடைக்கும். அப்படித்தான் எண்ணிக்கையைத் தேற்றினோம். ஆஸ்திரேலியாக்காரர் இரவோடு இரவாகக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் அனுப்பினார், நாலு வீடு தள்ளி இருப்பவரிடம் வாங்கத்தான் நாய் படாத பாடு.

ஆய்வு நடந்தது, எஞ்சினியர் குறைகளைப் பட்டியல் போட்டார், சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: குடிநீரும் கழிவுநீரும் 2014-இலிருந்து கவுன்சிலிடம் இல்லை, தேசிய நிறுவனத்துக்குப் போய்விட்டன (அப்போது ஐரிஷ் வாட்டர், இப்போது இஷ்கா எயரன்). எனவே குழாய் பற்றி எது கேட்டாலும் இவர்கள் அங்கே கை காட்டுவார்கள், அவர்கள் இங்கே. அதற்கப்புறம் சத்தமே இல்லை. மெயில் போட்டால் "உங்கள் கோப்பு பரிசீலனையில் உள்ளது" என்று வரும், அவ்வளவுதான்.

கடைசியில் தகவல் அறியும் சட்டத்தைக் கையில் எடுத்தோம். விண்ணப்பக் கட்டணத்தை 2014-இல் எடுத்துவிட்டார்கள், நாலு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். எஸ்டேட் பெயர், பதிவு எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று குறுக்கிக் கேளுங்கள், மொத்தமாகக் கேட்டால் தேடும் செலவுக்குப் பணம் கேட்பார்கள். வந்த காகிதக் கட்டில் பாதி கறுப்பு மை பூசியிருந்தது, ஆனால் நடுவில் ஒரு மெயில்: பில்டர் தர வேண்டிய, கட்டி முடித்த நிலையைக் காட்டும் வரைபடங்கள் இன்னும் வரவில்லை, வந்தபிறகு பார்ப்போம் என்று ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்கு எழுதியிருந்தது. இத்தனை மாதம் கோப்பு படுத்துக்கிடந்தது அந்த ஒரு வரைபடத்துக்காக. யாரும் பில்டரைக் கேட்கவும் இல்லை, எங்களிடம் சொல்லவும் இல்லை.

அந்த மெயிலைக் கவுன்சிலரிடம் கொடுத்தோம். அவர் அதைப் பகுதிக் குழுக் கூட்டத்தில் எழுத்துக் கேள்வியாகப் போட்டார், பாண்டை எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து. நாங்களும் கவுன்சிலின் புகார்ப் பிரிவுக்கு எழுதி, பதில் திருப்தியில்லை என்றால் அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனிடம் போவோம் என்று குறிப்பிட்டோம் (அங்கே புகார் கொடுக்கக் காசு வேண்டாம், ஆனால் முதலில் கவுன்சிலிடம் புகார் செய்து பார்த்திருக்க வேண்டும்). எது வேலை செய்ததோ, வரைபடம் வந்தது. கொஞ்ச நாளில் ரோலரோடு ஆட்களும் வந்தார்கள். தார் போட்டு, மேன்ஹோல் மூடி மட்டத்துக்கு வந்து, விளக்குகளுக்கு எல்.இ.டி. மாட்டினார்கள்.

பத்திரிகையில் அறிவிப்பு, வரைபடத்தை மக்கள் பார்வையிட ஒரு மாதம், ஆட்சேபணைக்கு அவகாசம், எல்லாம் வம்பில்லாமல் போனது. தீர்மானம் வந்த அன்று கூட்டத்தை இணையத்தில் நேரலையாகப் பார்த்தோம். முன்மொழிகிறேன் என்றார் ஒருவர், வழிமொழிகிறேன் என்றார் இன்னொருவர், "ஏற்கப்பட்டது" என்று மேயர் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். நான் டீக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் முடிந்துவிட்டது. எங்கள் கவுன்சிலர் மைக்கை வாங்கிக் குடியிருப்பாளர்களுக்கு நன்றி சொன்னார். லெட்டர்ஹெட்டில் ஸ்கேன் அனுப்பிய கவுன்சிலரும் எழுந்து தம் பங்குக்கு, தாம் இதற்காகத் தொடர்ந்து பாடுபட்டதாகச் சொன்னார்.

எல்லாம் கவுன்சில் பார்த்துக்கொள்ளும் என்று இப்போதும் நினைத்துவிடாதீர்கள். எங்களுக்குக் கவுன்சில் அனுப்பிய கடிதத்தில் புல் வெட்டுவது சேராது என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள், அதற்கு நாங்களே வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் போடுகிறோம். குப்பையும் கவுன்சில் எடுப்பதில்லை, தனியார் கம்பெனிதான்.

வீடு வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். எஸ்டேட்டைப் பொறுப்பேற்றாகிவிட்டதா, இல்லையென்றால் பாண்ட் உயிரோடு இருக்கிறதா என்று சொலிசிட்டரிடம் (வீடு வாங்கும் வேலையைப் பார்க்கும் வழக்கறிஞர்) எழுத்தில் கேளுங்கள். ரோடும் விளக்கும் யார் பொறுப்பு என்று கவுன்சிலிடமே கடிதம் வாங்கலாம், கட்டணம் கேட்பார்கள், கொடுத்து வாங்குங்கள். பில்டரின் விற்பனை ஆள் "அதெல்லாம் சீக்கிரம் ஆகிவிடும்" என்றால், எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.