நான்காவது எண்

மார்ச் 2

மூன்றாவது நாள். கண்ணைத் திறந்தாலும் அறை சுற்றுகிறது, மூடினாலும் சுற்றுகிறது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்சம் மெதுவாகச் சுற்றுகிறது. நான் சொல்லச் சொல்லத் தம்பி தட்டச்சு செய்கிறான்.

மார்ச் 4

மருத்துவர் என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, வெடுக்கென்று வலப்பக்கம் திருப்பினார். கண் மூக்கை விட்டு நழுவி, பிறகு துள்ளித் திரும்பி வந்தது. இடப்பக்கம் திருப்பியபோது நழுவவில்லை. வலது காதின் சமநிலை நரம்பில் அழற்சி. கேட்பதில் குறை இல்லை. நரம்பு முழுக்கத் தேறாவிட்டாலும் மூளை பழகிக்கொள்ளும், வாரக்கணக்கில் ஆகும் என்றார். எத்தனை வாரம் என்றேன். ஆளைப் பொறுத்தது என்றார். ஹெட்செட் போடலாமா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தம்பியைப் பார்த்தார்.

ஹெட்செட் போட்டு நாங்கள் உலவும் மெய்நிகர் உலகத்தை 31ஆம் தேதி நள்ளிரவு மூடுகிறார்கள். இன்னும் 27 நாள்.

மார்ச் 5

தலை ஒரு பக்கம் திரும்பினால் கண் அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். நல்ல உடம்பில் அதற்குப் பிடிக்கும் நேரம் ஏறக்குறைய 10 மில்லிநொடி. ஹெட்செட்டில் தலை அசைவதற்கும் திரையில் படம் மாறுவதற்கும் இடையே 20 மில்லிநொடியைத் தாண்டக்கூடாது. ஆறு வருடமாக அந்த 20க்காக எத்தனை பேரிடம் மல்லுக்கட்டியிருக்கிறேன்! என் தலைக்குள்ளேயே ஒரு 10 ஓடிக்கொண்டிருந்தது, அது கெட்ட பிறகுதான் எனக்குத் தெரிகிறது.

ஹெட்செட்டில் குமட்டல் வந்தால் கண் ‘நகர்கிறேன்’ என்கிறது, காது ‘இல்லை, உட்கார்ந்திருக்கிறாய்’ என்கிறது. இப்போது அப்படியே தலைகீழ். காது பொய் சொல்கிறது, கண் மெய் சொல்லியும் உடம்பு நம்ப மாட்டேன் என்கிறது.

1968இல் ஐவன் சதர்லேண்ட் செய்த கருவி கூரையிலிருந்து தொங்கியது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை ஓர் இயந்திரக் கை அளந்தது. அதன் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அதை நினைத்தால் ஆறுதலாக இருக்கிறது. என் தலையையும் யாராவது கூரையோடு பூட்டினால் தேவலை.

மார்ச் 7

எங்கள் குழுவின் ஆந்தை குரல் அனுப்பியிருந்தான். “அக்கா, கீ எடுத்தாச்சு. பாக்கெட் எல்லாம் இப்போ படிக்க முடியுது. ஒன்பது பேர் ராத்திரி முழுக்கப் பதிவு பண்றோம். உங்களால உள்ளே வர முடியலைன்னா லாக் படிங்க. எங்க யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.” பாக்கெட் என்பது எங்கள் கணினிக்கும் அவர்கள் சர்வருக்கும் இடையே போகிற தகவல் துண்டு, கீ அதன் பூட்டைத் திறப்பது, லாக் அதன் வரிவரியான பதிவு.

கட்டடம், மரம், வெளிச்சம் எல்லாம் எங்கள் கணினிகளில் இருக்கின்றன. எது எப்போது நடக்கலாம் என்று சொல்கிற சர்வர் மட்டும் அவர்களிடம். உள்ளே ஒரு கதவைத் தள்ளினால் அது தானாகத் திறப்பதில்லை. திறக்கலாமா என்று கேட்கிறது, அங்கிருந்து ‘சரி’ வருகிறது, அதன் பிறகுதான் திறக்கிறது. 31க்குப் பிறகு அத்தனை கதவுகளும் கேட்டுக்கொண்டே நிற்கும். அந்த ‘சரி’யைச் சொல்ல எங்களுக்கென்று ஒரு சர்வர் எழுதத்தான் இந்தப் பதிவெல்லாம். இரண்டு நாளாக இதே நினைப்பு.

மார்ச் 8

சுவரைப் பிடிக்காமல் கழிவறை வரை போய் வந்தேன்.

மார்ச் 10

ஒரு தடவைக்கு 20 நிமிடம் படிக்க முடிகிறது. திரையில் எழுத்து உருண்டால் குமட்டுகிறது. பக்கம் பக்கமாகத் தாவுகிற மாதிரி தம்பி மாற்றிக் கொடுத்திருக்கிறான்.

லாக்கில் தலை, கை அசைவுகளும் எண்களாக இருக்கின்றன. ஒரு தலை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்ல நான்கு எண்கள் வேண்டும். அந்த நான்கின் வர்க்கங்களைக் கூட்டினால் எப்போதும் 1. ஆகவே நான்கில் பெரியதை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் அனுப்புகிறார்கள். விடுபட்டது எத்தனையாவது எண் என்று காட்ட இரண்டு பிட். மறுமுனையில் இருப்பவர் அந்த மூன்றை வைத்து நான்காவதைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். பழைய உத்திதான், எத்தனையோ விளையாட்டுகளில் உண்டு, நானே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஆனாலும் இருட்டில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வரிவரியாகப் படிக்கும்போது மனதில் ஒட்டிக்கொண்டது. எது பெரியதோ அதை அனுப்புவதே இல்லை.

மார்ச் 11

லாக்கில் பெயர் வரும் பத்தியை மறைத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். ஆந்தை பேசத் தொடங்கும் முன் இரண்டு முறை தலையாட்டுவான், அது அப்படியே எண்களில் இருக்கிறது. நத்தைக்குக் கை இடுப்புக்குக் கீழே போவதில்லை. ஒன்பது பேரில் ஏழு பேரைச் சரியாகச் சொல்லிவிட்டேன்.

2020இல் வந்த ஆய்வு ஞாபகம் வந்தது. 511 பேர் ஹெட்செட்டில் வீடியோ பார்த்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அசைவுதான் எடுத்தார்கள். அதை வைத்து யார் யார் என்று 95 சதவீதம் சரியாகப் பிரித்தது கணினி. 2023இல் இன்னொன்று: இசைக்கு ஏற்பக் கட்டைகளை வெட்டும் விளையாட்டை ஆடிய 55,000க்கும் மேற்பட்டவர்கள், வெறும் 100 நொடி அசைவு, 94 சதவீதம். படித்தபோது பயந்தேன். இப்போது படுக்கையிலிருந்து நானே அதைச் செய்கிறேன், சந்தோஷமாகவும் இருக்கிறது. அவர்களெல்லாம் பக்கத்தில் இருக்கிற மாதிரி.

மார்ச் 13

விருந்தாளி 4471. பெயர் இல்லாமல் வருகிறவர்களுக்கு எண் மட்டும்தான்.

மணிக்கூண்டுக்குப் பின்னால் உள்ள வாசல். தலை 1.81 மீட்டர் உயரத்தில் வருகிறது. நிலைக்கு ஓரடி முன்னால் கொஞ்சம் தாழ்கிறது, இடப்பக்கம் சாய்கிறது, மேலே பார்க்கிறது, அப்புறம் நுழைகிறது. உள்ளே எந்த நிலையும் யார் தலையிலும் இடிக்காது. இரண்டரை மீட்டர் உயரம், இடித்தாலும் வலிக்கப் போவதில்லை. அப்படியும் குனிகிற ஓர் ஆளைத்தான் எனக்குத் தெரியும்.

கரையான்.

மார்ச் 14

இல்லை. உயரமானவர்கள் எல்லோரும்தான் குனிவார்கள்.

மார்ச் 15

பழைய ஓட்டப்பந்தயப் பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது, 40 நிமிடம். அதில் அவன் சும்மா நிற்கிற இடங்களை மட்டும் எடுத்தேன். இடது கை வலது கையைவிடத் தாழ்வாகத் தொங்குகிறது. 4471க்கும் அப்படியே. அதோடு, வாசலைத் தாண்டியதும் 4471 மதிலோரமாக நடக்கிறது. நடக்க நடக்க, வலது கை இருக்கும் இடத்தைக் காட்டும் மூன்று எண்களில் ஒன்று மட்டும் மாறவே இல்லை. கை மதிலைத் தடவிக்கொண்டே போனால்தான் அப்படி வரும்.

எந்த மதில் என்று பார்க்காமலே தெரிந்துவிட்டது.

தம்பி வந்து ஏன் அழுகிறாய் என்றான். தலை சுற்றுகிறது என்றேன்.

மார்ச் 16

அந்த மதிலில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தவன் அவன். மூலையில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நின்றால், பூட்டிய அறைகளுக்குள் இருப்பவர்கள் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் நம் கணினிக்கு வந்து சேரும். சர்வர் எல்லாவற்றையும் அனுப்பிவிடும், மறைக்கும் வேலையை நம் கணினியில் ஓடும் கிளையன்ட் நிரல் பார்த்துக்கொள்ளும். இதைவிட மோசமான வடிவமைப்பு இல்லை. அவன் என்னிடம் மட்டும் காட்டினான். நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன், அவர்கள் அடைக்கும்வரை யாரிடமும் மூச்சுவிடாதே என்றான். ஒரு மாதம் போயிற்று, பதில் இல்லை. வெளியே சொன்னால்தான் அடைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவனைக் கேட்காமல் எல்லோருக்கும் சொன்னேன். ஓட்டையை இரண்டு நாளில் அடைத்தார்கள். நான்காம் நாள் அவன் கணக்கை முடக்கினார்கள். முதலில் எழுதியது அவன் பெயரில், அங்கே அதிக நேரம் நின்றதும் அவன்தான். என் கணக்கை ஒன்றும் செய்யவில்லை.

அவன் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பதினான்கு மாதத்துக்குப் பிறகு அவன் வேறொரு பெயரில், பெயரே இல்லாமல், வருகிறான். நான் என்ன செய்கிறேன்? பூட்டிய அறைக்குள் யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று படித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 18

பயிற்சி. சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, அதையே பார்த்துக்கொண்டு தலையை இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும். எழுத்து ஆடாமல் நிற்கும்வரை, தினமும். எந்த எழுத்து என்று தம்பி கேட்டான். ‘க’ என்றேன்.

ஆடுகிறது.

மார்ச் 19

குழுவில் சண்டை. எங்கள் சர்வர் ஓடத் தொடங்கினால் ரகசியமாக வைப்பதா, எல்லோருக்கும் திறப்பதா? ரகசியம் என்கிறான் ஆந்தை, வழக்கு வரும் என்று பயம். நான் சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற இணைய விளையாட்டின் கதையைச் சொன்னேன். 2012 நவம்பர் 30 அன்று அதை மூடினார்கள். ஒரு சிறு கூட்டம் தனக்கென்று ரகசிய சர்வர் வைத்து வருடக்கணக்கில் ஆடியது 2019 ஏப்ரலில் வெளியே வந்தது. அது மூடப்பட்டதைவிட, தங்களை விட்டுவிட்டு உள்ளே சிலர் நடமாடியிருக்கிறார்கள் என்பதுதான் மற்றவர்களுக்கு வலித்தது. பிறகு எல்லாம் பொதுவுக்கு வந்தது, 2024 ஜனவரியில் ஒரு குழுவுக்கு முறைப்படி உரிமமும் கிடைத்தது. திறந்துவைத்ததால்தானே?

“உங்களுக்கு எப்பவும் எல்லாத்தையும் வெளியே சொல்லணும்” என்றான் ஆந்தை. அவனுக்குக் கரையான் விஷயம் முழுதாகத் தெரியாது. தெரியாமல் சொன்னதுதான், எனக்குத்தான் தாங்கவில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

மார்ச் 21

மணிக்கூண்டுப் பக்கத்து லாக் மட்டும் தனியாக வேண்டும் என்று ஆந்தையிடம் கேட்டேன். எதற்கு என்றான். கதவு சரிபார்க்க என்றேன். பொய். அனுப்பிவிட்டான். ஒன்பது இரவுகளில் 4471 ஆறு இரவு வந்திருக்கிறது. ஒருமுறைகூட யாருடனும் பேசவில்லை.

மார்ச் 22

வாந்தி. எழுத்து இரண்டாகத் தெரிகிறது.

மார்ச் 24

எங்கள் சர்வரில் முதல் கதவு திறந்தது! ஆந்தை காணொளி அனுப்பினான். ஆளில்லாத கூடம், வாசல், கதவு கேட்கிறது, நாங்கள் எழுதிய ‘சரி’ போகிறது, திறக்கிறது. தம்பியைக் கூப்பிட்டு மூன்று முறை போட்டுக் காட்டினேன். அவனுக்கு அது வெறும் கதவு. ஆனாலும் கைதட்டினான்.

மழைதான் பிடிபடவில்லை. ‘மழை தொடங்கியது’, ‘மழை நின்றது’ என்று மட்டுமே எங்களுக்கு வரும். எப்போது பெய்ய வேண்டும் என்று சர்வர் எப்படி முடிவு செய்தது என்பது ஒருநாளும் எங்கள் இணைப்பில் வந்ததில்லை. இனி அங்கே பெய்யப் போவது எங்கள் ஊகம்.

மார்ச் 26

நாங்கள் பதிவு செய்ததில் எங்கள் ஒன்பது பேரின் அசைவு மட்டும் இல்லை. பக்கத்தில் கடந்துபோன அத்தனை பேரும் இருக்கிறார்கள். பெயரை அழித்தாலும் நடை இருக்கிறது. விதிகளை எடுத்த பிறகு மற்றவர்களின் அசைவுப் பத்திகளை முழுக்க அழித்துவிட வேண்டும் என்று சொன்னேன். சோதனைக்கு வேண்டுமே என்றான் ஆந்தை. நம் ஒன்பது பேருடையது போதும் என்றேன். இரண்டு மணி நேரம் வாதாடினோம், தலை வெடித்தது, விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், “சரி அக்கா. ஆனா நீங்க ஏன் இப்படி அழுறீங்க?” என்றான்.

அவர்கள் அழிக்கிறார்கள். என் கணினியிலும் அழித்தேன், ஒரு கோப்பைத் தவிர.

மார்ச் 28

உட்கார்ந்தபடி ஹெட்செட், நான்கு நிமிடம். மருத்துவர் ஐந்து வரை போகலாம் என்றிருந்தார். என் அறை, என் ஜன்னல், வெளியே மழை. வலப்பக்கம் வேகமாகத் திரும்பினால் மட்டும் எல்லாம் ஒரு கணம் குலுங்கியது. கழற்றிய பிறகு வெகுநேரம் நடுக்கம்.

மழையின் சத்தத்தைப் பதிவு செய்திருக்கலாம்.

மார்ச் 29

விருந்தாளிக்குத் தனிச்செய்தி அனுப்ப முடியாது. பக்கத்தில் போய்ப் பேசத்தான் முடியும். என்ன பேசுவது? பெயர் சொல்லிக் கூப்பிட்டால், உன்னை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அவனிடம் மறுபடி அதையே செய்ததாகும். கூப்பிடாவிட்டால் மூன்றாம் நாளிலிருந்து அந்த இடமே இல்லை. எங்கள் சர்வருக்கு அவன் வருவானா, அப்படி ஒன்று இருப்பதை அவனுக்கு யார் சொல்வார்கள்? மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதுகூட என் தேவைதான், அவன் தேவை இல்லை. இருந்தாலும் கேட்க வேண்டும்.

‘க’ ஆடவில்லை. மெதுவாகத் திரும்பினால் ஆடவில்லை.

மார்ச் 30

நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். படியில் உட்கார்ந்திருப்பேன். என் தலை எப்படிச் சாயும், என் கை எங்கே இருக்கும் என்று அவனுக்கும் தெரியும். அவன் என் பக்கம் நகரலாம், நகராமலும் இருக்கலாம்.

மார்ச் 31

காலையில் அந்தக் கோப்பையும் அழித்தேன். பழைய பந்தயப் பதிவையும்.

இரவு 10.40. மணிக்கூண்டைச் சுற்றி 200 பேருக்கு மேல் நிற்கிறார்களாம். விருந்தாளிகளே நாற்பது பேர் இருப்பார்களாம், எல்லோருக்கும் ஒரே சாம்பல் உடம்பு, ஒரே முகம். இனி லாக் இல்லை, கண்தான்.

11.30. பத்து நிமிடம்தான் தாங்கும் என்று கணக்கு. 11.48க்குப் போட்டால் கொஞ்சம் கூடப்போகும், பரவாயில்லை. ஆந்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மதிலிலிருந்து. வெகுநேரம் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தான். பிறகு, “வாசல் நேரா தெரியிற மாதிரி மூணாவது படியில இடம் பிடிச்சு வச்சிருக்கேன் அக்கா. தலையைத் திருப்ப வேண்டியிருக்காது.”

11.46. தம்பி நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.