இருபத்தஞ்சுன்னு போடுங்க அக்கா

"இருபத்தஞ்சுன்னு போட்டு சேவ் பண்ணுங்க அக்கா, நாளைக்குச் சரி பண்ணித் தாறேன்."

நான் சொன்னது இவ்வளவுதான். குலசேகரம் பக்கத்து ரப்பர் பால் சேகரிப்பு மையத்திலிருந்து அக்கா போனில் கூப்பிட்டிருந்தார். அங்கே பால் அளவைப் பதிகிற கம்ப்யூட்டர் ஃபார்மை எழுதிக் கொடுத்தவன் நான். வெளியே மழை கொட்டுகிற சத்தம் கேட்டது. "மக்கா, டி.ஆர்.சி. இருபத்திரெண்டுதான் இருக்கு. போட்டா பெட்டி செவப்பாவுது, சேவ் ஆவமாட்டேங்கு. ஆளுவ கேனோட நிக்காவ."

டி.ஆர்.சி. என்பது நூறு பங்கு பாலில் எத்தனை பங்கு காய்ந்த ரப்பர் என்கிற அளவு. அதற்கு 25 முதல் 45 வரை என்ற வரம்பை எழுதித் தந்தது மையம்தான். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைத்தான் ஃபார்மில் மின், மேக்ஸ் (குறைந்த அளவு, கூடிய அளவு) என்று போட்டேன். வரம்புக்குள் இருந்தால் பச்சை, வெளியே போனால் சிவப்பு, நிறமும் தோற்றமும் எழுதுகிற சி.எஸ்.எஸ்.ஸில் இன்-ரேஞ்ச், அவுட்-ஆஃப்-ரேஞ்ச் என்று இரண்டே வரி. மழைத் தண்ணீர் சிரட்டையில் விழுந்தால் பால் நீர்த்துப்போகும் என்பது இந்த ஊரில் வளர்ந்த எனக்குத் தெரியாததா? இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. தெரியும். எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை.

ஃபயர்பாக்ஸ் பிரவுசருக்கு எண் மட்டும் வாங்குகிற பெட்டியே 2014-ல், 29-ஆம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் இதையெல்லாம் ஜாவாஸ்கிரிப்டில் கையால் எழுதினோம். நிறம் மாற்ற ஒரு வரி, சேமிக்க விடாமல் தடுக்க இன்னொரு வரி. எச்சரிப்பது வேறு, தடுப்பது வேறு என்று எழுதுகிற கைக்குத் தெரிந்திருந்தது. பிரவுசரே பார்த்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு, மின் என்று போட்டாலே இரண்டும் சேர்ந்து வந்துவிடுகின்றன. பிரவுசர் செய்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஃபார்மின் முதல் வரியான ஃபார்ம் டேகில் நோவேலிடேட் என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் தடை போயிருக்கும், சிவப்பு மட்டும் நின்றிருக்கும். அந்த ஒரு சொல்லைச் சேர்க்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. வேறு வேலை இருந்தது. உண்மையிலேயே இருந்தது.

அந்த ஒன்பது நாளும் அக்கா 25 போட்டிருக்கிறார். நூறு கிலோ பாலுக்கு 22 என்றால் 22 கிலோ ரப்பருக்குக் காசு. 25 என்று பதிந்தால் 25 கிலோவுக்கு. பால் கொண்டுவந்தவர்களுக்கு நஷ்டமில்லை என்று சில இரவு சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாதக் கடைசியில் கணக்கு இடித்தது. நிர்வாகி என்னிடம் கேட்டார்: "ஃபார்ம்ல ஏதாவது தப்பு உண்டா?"

"இல்ல சார், நீங்க குடுத்த அளவுதான்."

பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டது அதை இல்லை என்று அப்போதே தெரிந்தது. எதிரே நின்ற அக்கா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கணக்கில் இடித்த தொகை அக்கா சம்பளத்தில் இரண்டு தவணையாகப் பிடிக்கப்பட்டது. வரம்பைத் தந்தவர்கள் அவர்கள், அதை மீறாமல் எழுதியவன் நான், நான் சொன்னபடி போட்டவர் அவர். இப்படி அடுக்கினால் ஒருவர் மீதும் தப்பு நிற்பதில்லை. பணம் மட்டும் ஒருவரிடமிருந்து போயிருக்கிறது.

அந்த நாட்களின் பதிவைத் திறந்து பார்த்தேன். வரிசையாக 25, 25, 25. எல்லாம் பச்சை.

போன வாரம் மையத்துக்குப் போனபோது அக்கா மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. ஃபார்மில் ஏற்றுவதற்கு முன் அதில்தான் எழுதுவாராம். மழை நாட்களின் பக்கத்தைப் புரட்டினேன். நீலப் பேனாவில் 22, 23, 21.5. நிஜ அளவு ஒன்றுவிடாமல் இருந்தது. "இத நிர்வாகிட்ட காட்டலியா அக்கா?" என்றேன்.

"நீதான மக்கா போடச் சொன்ன," என்றார். குரலில் கோபம் இல்லை. பிறகு நோட்டை வாங்கி, அந்த 21.5-ஐ விரலால் தொட்டுக் கேட்டார்: "இந்த புள்ளி அஞ்ச இப்ப எடுக்குமா?"

எண்ணின் இடைவெளியைச் சொல்கிற ஸ்டெப் என்று ஒன்று போடாவிட்டால் பெட்டி முழு எண்ணைத்தான் சரியென்று கொள்ளும், நோவேலிடேட் இருப்பதால் மட்டும் இப்போது தடுக்காது. அதையும் நான் போட்டிருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். நோட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வந்திருக்கிறேன். நிர்வாகிக்கு இன்னும் அனுப்பவில்லை.